விரிப்பில் இருந்த ஊசி

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பது அவள் வேலை. காலையில் உருளை சூடேறும் நேரத்தில் அந்த மூலை முழுக்க வெள்ளையாக நீராவி மூடிவிடும். முதலில் இருமல் கேட்கும், பிறகு குரல் கேட்கும், கடைசியில்தான் ஆள் தெரிவாள். புதிதாக வேலைக்கு வந்த எவளோ ஒருத்தி பயந்து ஒதுங்கியதில் வந்த பெயர் அது.

"நிஜமாவே பேயா இருந்தா எதுக்குடி இங்க நின்னு வேகுறேன்? முதலாளி வீட்டுக்குப் போயி ஒரு தடவ தலைய விரிச்சுக் காட்டுனாப் போதாதா?" என்பாள்.

பதினெட்டு வருடமாக அந்த உருளையோடு நின்றவள். முன்கை இரண்டிலும் சூடுபட்ட தழும்புகள் கோடுகோடாக இருந்தன. ஆஸ்பத்திரி என்னவோ பெரியதுதான். ஆனால் சலவைக்கூடத்துப் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லை. அவர்களை வேலைக்கு வைத்திருந்தது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. மேலே வார்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டியில் அடையாள அட்டை தொங்கும். இவர்களுக்கு அட்டையும் கிடையாது, லிஃப்ட்டில் ஏற அனுமதியும் கிடையாது. சரக்கு வண்டி இறங்கும் சாய்தளம் வழியாக உள்ளே வந்து, அதே வழியாக வெளியே போவார்கள்.

அவளுடைய நாத்தனாரை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காணாமல் போக, நாத்தனார் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு என்பது ஒன்றரை அறை. பெண்கள் இருவரும் உள்ளே படுப்பார்கள். பெயின்டர் வேலை பார்க்கும் அண்ணன், அடுப்பு இருந்த முன்பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு படுப்பார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த தங்கச்சியை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

பாப்பா வாயாடி. யாரைப் பார்த்தாலும் ஒரு பெயர் வைத்துவிடுவாள். எதற்கெடுத்தாலும் படபடவென்று பொரிகிற குள்ளமான சூப்பர்வைசருக்குக் கடுகு என்று பெயர் வைத்தவள் அவள்தான். வந்த ஒரு மாதத்தில் அந்தப் பெயர் கூடம் முழுக்கப் பரவி, சரக்கு வண்டி டிரைவர் வரைக்கும் போய்விட்டது. கடுகுக்கும் தெரியும். யார் வைத்த பெயர் என்றுதான் தெரியாது. ஆவியக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. வேலை முடிந்து நடந்து வரும் வழியில் நாத்தனார் கடுகு மாதிரியே நடந்து காட்டும்போது, தெரு என்று பாராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பாப்பாவைப் போட்டது பிரிக்கும் மேசையில். வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் விரிப்புகளை உதறி, இரத்தக்கறை உள்ளதைத் தனியாக, மற்றதைத் தனியாகப் போட வேண்டும். மூட்டைக்குள் என்னவெல்லாமோ வரும். சீப்பு வரும், பல்செட் வரும், ஒரு தடவை குழந்தையின் சாக்ஸ் ஒற்றையாக வந்தது. நர்சுகள் அவசரத்தில் போட்டுவிட்டுப் போன ஊசியும் வரும். கையுறை கொடுப்பார்கள். மெல்லிய ரப்பர். வாரத்துக்கு ஒரு ஜோடி. செவ்வாய்க்கிழமையே விரல் நுனி கிழிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், நாத்தனார் உருளைப் பக்கம் வந்து நின்றாள். இடது கையின் நடுவிரலை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, ஊசி குத்திருச்சு."

"ஆழமாவா?"

"நல்லா உள்ள போயிருச்சு. ஊசில ரத்தம் இருந்துச்சு அண்ணி."

சுவரில் ஒரு பதிவேடு தொங்கியது. ஊசி குத்தினால் அதில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால் என்ன நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுதியவளை 'ரிசல்ட் வரட்டும்' என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த ரிசல்ட் வரவே வராது. அதற்கு முந்தைய வருடம் எழுதின இரண்டு பேரில் ஒருத்தியைக்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. அதிலும் எழுதினவளின் சொந்தக்காரர்கள் யாராவது அங்கே இருந்தால் அவர்களையும் சேர்த்தே கழித்துவிடுவார்கள். பெயின்டருக்கோ அந்த மழைக்காலத்தில் வேலை சுத்தமாக இல்லை. இரண்டு பெண்களின் கையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

ஆவியக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நாத்தனாரைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். விரலை அமுக்கி இரத்தத்தை வெளியேற்றினாள். பிளீச்சிங் தண்ணீரில் முக்கினாள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எழுத வேண்டாமா அண்ணி?"

"வாய மூடு. துணியச் சுத்திக்க. யாரு கேட்டாலும் ஊக்கு குத்திருச்சுன்னு சொல்லு."

காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. பெயின்டருக்கும் சொல்லவில்லை. விரல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

நான்கு மாதம் கழித்து நாத்தனாருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. பிறகு கண் மஞ்சளானது. காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாள் கஷாயம் போல எதையோ குடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் சாய்தளத்தில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பெயின்டர் தோளில் சாய்த்துக்கொண்டு, அதே ஆஸ்பத்திரியின் முன்வாசலுக்குக் கூட்டிப் போனார். அத்தனை வருடத்தில் ஆவியக்கா அந்த வாசல் வழியாக உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை.

சீட்டு எழுதுகிற இடத்தில், "நாங்க இங்கதாங்க வேலை பாக்குறோம், கீழ, சலவைல," என்று சொல்லிப் பார்த்தாள்.

"அட்டை இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப வரிசைல வாங்க."

படுக்கை காலி இல்லை. தாழ்வாரத்தில், சக்கரம் ஒன்று உடைந்த தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். விரிப்பு இல்லை. ரெக்ஸின் மெத்தை கிழிந்து உள்ளேயிருந்த மஞ்சள் பஞ்சு தெரிந்தது. அன்று காலைகூட ஆவியக்கா அறுநூறு விரிப்புக்கு மேல் மடித்து அடுக்கியிருந்தாள். ஒரு நர்சைப் பிடித்துக் கேட்டாள். "வார்டு எண்ணிக்கைக்குத்தான் விரிப்பு வரும், தாழ்வாரத்துக்குக் கணக்கு இல்ல," என்றாள் அந்தப் பெண். அவளும் முதல்நாள் இரவிலிருந்து நின்றுகொண்டே இருப்பவள்தான்; முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இளவயது டாக்டர் ஒருவர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"கடந்த ஆறு மாசத்துல ஊசி ஏதாவது குத்துச்சா? ரத்தம் ஏத்துனாங்களா?"

நாத்தனார் தலையைத் திருப்பி ஆவியக்காவைப் பார்த்தாள். பக்கத்தில் பெயின்டர் நின்றுகொண்டிருந்தார். ஆவியக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தாள். சொல் என்று அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"இல்லைங்க," என்றாள் நாத்தனார்.

அடுத்தடுத்து நினைவு தப்பியது. மூன்றாம் நாள் பிற்பகல், அதே தாழ்வாரத்தில், அதே கட்டிலில் உயிர் போனது. உடம்பை மூட மட்டும் ஒரு விரிப்பு கொடுத்தார்கள். அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஆவியக்கா ஏழு மாதம் வேலைக்குப் போய்வந்தாள். வேறென்ன செய்வது? பிரிக்கும் மேசையில் வேறு ஒருத்தி நின்றாள். கூடத்தில் யாரும் இப்போது கடுகு என்று சொல்வதில்லை, சொன்னாலும் சிரிப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். ஊரில் ஒரு பொது விசாரணை நடக்கப்போகிறது. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவர்களே வந்து பேச வேண்டும். தண்ணீர், வீடு, வைத்தியம், வேலை இவற்றில் எதெல்லாம் மறுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி உட்பட ஐந்து பேர் கேட்பார்கள். அறிக்கை எழுதுவார்கள்.

"கேட்டு என்ன செய்வாங்க? தண்டன குடுப்பாங்களா?" என்றார் பெயின்டர்.

"அந்த அதிகாரம் அவங்களுக்கு இல்ல. ஆனா எல்லாரும் கேக்குற மாதிரி பதிவாகும். இது கருணை கேக்குற இடம் இல்லைங்க. உங்களுக்கு உரிமையா வர வேண்டியது வரலன்னு சொல்ற இடம்."

பெயின்டர் மனைவியிடம், "போயி சொல்லு. பாப்பாவ நாய் மாதிரி தாழ்வாரத்துல போட்டாங்கன்னு சொல்லு," என்றார்.

வக்கீல் பெண் நான்கு தடவை வந்தாள். ஆவியக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவை, பெயின்டர் வேலைக்குப் போயிருந்தபோது, ஆவியக்கா ஊசி விஷயத்தைச் சொன்னாள். குழாயடி, பிளீச்சிங், ஊக்கு எல்லாவற்றையும். வக்கீல் பெண்ணின் பேனா நின்றுவிட்டது.

"அன்னிக்கே எழுதி, மேல கூட்டிட்டுப் போயிருந்தா ஏதாவது செஞ்சிருக்க முடியுமாம்மா?" என்று ஆவியக்கா கேட்டாள்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "ரத்தத்துல பரவுற மஞ்சக்காமாலைக்கு, உடனே போட்டா காப்பாத்துற மாதிரி ஊசி இருக்கு," என்றாள் மெதுவாக. "ஆனாக்கா, இத விசாரணைல சொல்ல வேண்டாம். ஊசி குத்துச்சு, கம்பெனி கவனிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்ல. நீங்க மறைக்கச் சொன்னீங்கன்னு தெரிஞ்சா அத வச்சே அவங்க தப்பிச்சிருவாங்க."

சரி என்று தலையாட்டினாள். எழுதிக்கொண்டதை வக்கீல் பெண் வாசித்துக் காட்ட, அவள் திருப்பிச் சொல்லிப் பழகினாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள். உருளைச் சத்தத்தில் முணுமுணுத்தாள். 'பாதுகாப்பான பணிச்சூழல் மறுக்கப்பட்டது' என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நாக்கு சிக்கியது.

விசாரணை, நூலகத்தின் மாடியில் இருந்த கூட்ட அறையில். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றவில்லை. மேடையில் நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் நரைத்த தலையோடு ஒரு பெண் நீதிபதி. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும்.

ஆவியக்காவுக்கு ஏழாவது எண். அவளுக்கு முன்னால் பேசியது, வேறொரு தெருவிலிருந்து வந்த ஒருத்தி. "புது அடுக்குமாடிக்குப் போற குழாய் எங்க வீட்டுச் சுவத்த ஒட்டித்தான் போகுதுங்க," என்றாள் அவள். "தண்ணி ஓடுற சத்தம் நாள் முழுக்கக் கேக்குது. எங்களுக்கு மட்டும் குழாய் இல்ல. சத்தத்தப் புடிச்சா கொடத்துல ஊத்த முடியும்?" அறையில் யாரோ சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஏழு என்று கூப்பிட்டதும் ஆவியக்கா எழுந்து மைக்குக்குப் போனாள். நிமிர்ந்து பார்த்தால், மூன்றாவது வரிசையில் கடுகு. இஸ்திரி போட்ட சட்டையோடு, மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பெனி அனுப்பியிருக்கிறது. கடைசி வரிசையில், கதவோரமாக, அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்த பெயின்டர், முழங்கையில் காய்ந்த பச்சைப் பெயின்ட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

சொல்லிப் பழகியதையெல்லாம் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வார்த்தை நினைவில்லை. நீதிபதி அம்மாள் முன்னால் குனிந்தார். "அவசரமே இல்ல. உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லுங்க."

"நான் ஆஸ்பத்திரில விரிப்பு மடிக்கிறேங்க," என்று ஆரம்பித்தாள். தன் குரல் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து பெரிதாக வெளியே வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டாள். "எம்புருசனோட தங்கச்சியும் அங்கதான் வேலை பாத்தா. மேசைல பிரிக்கிறப்ப அவளுக்கு ஊசி குத்துச்சு. கையுறை கிழிஞ்சு போயிருந்துச்சு. எழுதுற நோட்டு சுவத்துலதான் தொங்குச்சு. எழுதலாமான்னு எங்கிட்டதான் வந்து கேட்டா. நான்தான் எழுத வேண்டாம்னு சொன்னேன்."

பக்கவாட்டில் இருந்த வக்கீல் பெண் கண்ணை மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். கடுகின் பேனா ஓடத் தொடங்கியதையும் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

"எழுதுனா எங்க ரெண்டு பேரையும் நிறுத்திருவாங்க. வீட்டுல வேற வருமானம் இல்ல. அதான் ஊக்குன்னு சொல்லச் சொன்னேன். பின்னால டாக்டர் கேட்டப்பயும் அவ என்னயப் பாத்துட்டு, இல்லன்னுட்டா. சாகுற நேரத்துலயும் என் வேலையக் காப்பாத்துனா. ஒடம்புக்குக் கீழ ஒரு விரிப்பு இல்லாமப் போயிட்டா. அந்த விரிப்பெல்லாம் நான் மடிச்சதுங்க."

மணியைப் பிடித்திருந்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவில்லை.

"நோட்டுல எழுதினா வேலை போயிரும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று நீதிபதி அம்மாள் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. எழுதுனவங்க திரும்பி வரல. அதப் பாத்தோம்."

"நடந்ததுல உங்க மேல தப்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா?"

அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என் பங்கு இருக்குங்க. அத நான் சாகுற வரைக்கும் சுமப்பேன். ஆனா முழுசையும் என் தலைல கட்டாதீங்க. ஊசிய விரிப்புல போட்டது நான் இல்ல. கிழிஞ்ச கையுறையக் குடுத்தது நான் இல்ல. சொன்னா சோறு போயிரும்னு வச்சிருந்தது நான் இல்ல."

இறங்கி வந்து பார்த்தபோது கதவோரம் காலியாக இருந்தது.

பெயின்டர் நூலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்ததும் நடக்கத் தொடங்கினார். அவள் இருபது அடி பின்னால் போனாள். வீடு வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சுவரைப் பார்த்தபடி, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்," என்றார். அதோடு பேச்சு நின்றது. அவள் வைத்த சோற்றைத் தின்றார், அவள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

அறிக்கை வந்தது. நாற்பது பக்கம். அதில் 'ஏழாம் எண் சாட்சி' என்று அவளைப் பற்றி இரண்டு பக்கம் இருந்ததாக வக்கீல் பெண் சொன்னாள். ஆஸ்பத்திரி, ஊசி போட மஞ்சள் டப்பாக்களை வார்டுகளில் வைத்தது. பிரிக்கும் மேசைக்குத் தடிமனான கையுறை வந்தது. இழப்பீடு கேட்டு வக்கீல் பெண் எழுதின கடிதத்துக்குக் கம்பெனி பதில் போட்டது. வக்கீல் பெண் பயந்தபடியே, சக ஊழியரின் அறிவுரைப்படி இறந்தவரே மறைத்துவிட்டதாகச் சாட்சியே ஒப்புக்கொண்டிருப்பதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது.

"நான் சொன்னதுல கெட்டுப் போச்சாம்மா?" என்று ஆவியக்கா கேட்டாள்.

வக்கீல் பெண் பொய் சொல்லவில்லை. "அந்த வழக்குக்குக் கெடுதல்தாங்க்கா. ஆனா எழுதுனா திரும்ப வர முடியாதுன்னு நீங்க சொன்னதுக்கப்புறம், வேற ஆஸ்பத்திரிகள்ல இருந்து ஒம்பது பேர் வந்து அதையே சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கல."

வருடக் கடைசியில் காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது, பட்டியலில் பதினொரு பெயர் இல்லை. ஆவியக்காவின் பெயரும் இல்லை. பதினெட்டு வருட உருளைக்கு ஒரு நாள் முன்னறிவிப்புக்கூட இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஒரு நாள் காலை, அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் சலவைக்கூடத்துப் புதுப்பெண் ஒருத்தி மூச்சு வாங்க நின்றாள். விரலைத் துணியால் சுற்றியிருந்தாள். புதுக் கையுறையையும் தாண்டி ஊசி இறங்கியிருந்தது.

"உங்களத்தான் கேக்கச் சொன்னாங்கக்கா. எழுதட்டுமா, வேண்டாமா?"

ஆவியக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். போன தடவை இதே கேள்விக்குத் தான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன நின்னுட்டிருக்க? கூட்டிட்டுப் போ."

பெயின்டர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முன்வாசலுக்குப் போனாள். அட்டை கேட்டார்கள். இல்லை என்றாள். வரிசை என்றார்கள். "வரிசைல நிக்குற நோய் இல்லைங்க இது, நேரம் போனா உயிர் போயிரும்," என்றாள். காவலாளி வந்து தோளைத் தொட்டபோது தரையில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, ஒரு டாக்டர் எட்டிப் பார்த்தார். பத்தரைக்குப் போனவர்களுக்கு இரண்டு மணிக்கு ஊசி போட்டார்கள். சீட்டில் 'பணியிடத்தில் ஊசிக் காயம்' என்று எழுத வைத்து, அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் இப்போது அதே கடையில் பாத்திரம் தேய்க்கிறாள். ஆறு மாதம் கழித்து இரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எதுவும் நிச்சயமில்லை.

ஊசி போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பெயின்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டாங்களா?" என்றார்.

"போட்டாங்க."

அவர் தலையசைத்தார். எழுந்து உள்ளே போனார். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.